கிளவுட்டில் டெபியன் போடப் போகிறீர்களா? உத்தியோகபூர்வ இமேஜையே எடுங்கள்

கொழும்பில் சின்னக் கம்பனிகளுக்கு சேர்வர் பார்க்கிறவர்களில் பலர் எந்த இமேஜில், அதாவது முன்கூட்டியே கட்டிவைத்த எந்த இயங்குதளக் கோப்பில், மெஷினை எழுப்புவது என்று பெரிதாக யோசிப்பதில்லை, பட்டியலில் முதலில் தெரிவதை அமத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. டெபியன் லினக்ஸ் என்றால் டெபியன் கிளவுட் குழுவே கட்டி வெளியிடுகிற இமேஜ்தான். வெள்ளவத்தையில் ஒரு கணக்கியல் மென்பொருள் கம்பனிக்கும் பம்பலப்பிட்டியில் ஒரு ரியூசன் நிலையத்துக்கும் அதைத்தான் போட்டிருக்கிறேன், இதுவரை மாற்ற வேண்டிய தேவை வரவில்லை.

ஏன் இந்தப் பிடிவாதம் என்றால், மற்றப் பக்கத்தையும் பார்த்திருக்கிறேன். மலிவாக விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சேர்வர்) விற்கிற ஒரு நிறுவனம் தாங்களே தயாரித்த டெபியன் டெம்ப்ளேட்டைக் கொடுத்தது. இரண்டு மெஷின் எடுத்து எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சேர்வருக்குள் நுழையும் வழி) ஃபிங்கர்பிரிண்டைப் பார்த்தால் எழுத்துக்கு எழுத்து ஒன்று! யாரோ ஒரு மெஷினை நிறுவி, அதை அப்படியே நகல் எடுத்து எல்லாருக்கும் கொடுத்திருக்கிறார்கள். அதாவது அங்கே மெஷின் வாங்கிய எவனிடமும் என் சேர்வரின் ஹோஸ்ட் கீ, அதாவது சேர்வர் தன்னை நிரூபிக்கிற இரகசியச் சாவி, இருக்கிறது. அறிவித்தேன், பதில் வரவில்லை, இரண்டையும் அன்றைக்கே அழித்தேன்.

உத்தியோகபூர்வ இமேஜில் ஹோஸ்ட் கீயே கிடையாது, முதல் பூட்டில்தான் உருவாகும். மெஷினின் அடையாள எண் இருக்கும் மெஷின் ஐடி கோப்பு வெறுமையாக இருக்கும், ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்குப் பாஸ்வேர்ட் போட்டு நுழையும் வழியே இல்லை, டிஸ்க் எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு ரூட் பார்ட்டிஷனை, முதல் பூட்டில் மெஷினை அமைக்கிற கிளவுட்-இனிட் தானே விரித்துக்கொள்ளும். இவ்வளவும் எப்படி நடக்கிறது என்பதையும் யாரும் போய்ப் பார்க்கலாம்: கட்டுகிற நிரல் முழுக்க டெபியன் தன் நிரல்களை வைத்திருக்கிற சல்சா தளத்தில் இருக்கிறது. கட்டுவதற்குப் பாவிக்கிற கருவி ஃபாய், ஜேர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்தில் தோமஸ் லாங்கே 1999 இல் தொடங்கியது. கையால் நிறுவி நகல் எடுக்கிற வேலை எங்குமே இல்லை, ஒவ்வொரு தடவையும் வெறும் டிஸ்கிலிருந்து புதிதாகக் கட்டுகிறார்கள்.

ஆனால் கட்டுவதை விட பராமரிப்புத்தான் பெரிய வேலை. 2024 ஜூலை 1 ஆம் திகதி எஸ்எஸ்எச் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எச்சில் ரெக்ரஷன் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானதே, டெபியன் 12 அதில் மாட்டியது. திருத்தம் உடனே வந்துவிட்டது. சரி, ஆனால் நீங்கள் எழுப்புவது அதற்கு முந்திய மாதங்களில் கட்டிய இமேஜ் என்றால், அப்டேட் ஏறும்வரை ஓட்டையோடுதான் இணையத்தில் நிற்பீர்கள். டெபியன் குழு தொடர்ந்து புதிய இமேஜ் விடுகிறது, தினசரிக் கட்டல்களும் தனியாக இருக்கின்றன, கட்டிய திகதி பெயரிலேயே தெரியும். அதைப் பார்க்காமல் எடுக்காதீர்கள்.

அமேசான் கிளவுட்டில் இன்னொரு விஷயம். பெயரை மட்டும் வைத்துத் தேடி, வருவதில் புதியதை எடுக்கிற ஸ்கிரிப்ட் எழுதவே கூடாது. அதே பெயரில் யாரும் ஒரு இமேஜை ஏற்றிவைக்கலாம், 2025 பெப்ரவரியில் இப்படி ஏமாற்றுகிற வழியை ஆய்வாளர்கள் விளக்கமாகவே காட்டினார்கள். உரிமையாளர் எண்ணையும் சேர்த்துக் கேளுங்கள்: டெபியனுக்கு 136693071363.

குறைகளும் இருக்கின்றன. முதலாவது, வகைகளின் பெயர்கள் புதியவர்களைக் குழப்பும். ஜெனரிக்கிளவுட் மெய்நிகர் மெஷினுக்கு மட்டும், உண்மையான வன்பொருளின் டிரைவர்களை எடுத்துவிட்டதால் சிறியது, க்யூகவ்2 வடிவ டிஸ்க் கோப்பு 500 எம்பிக்குள் அடங்குகிறது. ஜெனரிக் எங்கும் ஓடும், சந்தேகம் என்றால் அதை எடுங்கள். நோகிளவுட் என்பதைப் பொது இணையத்துக்குக் கொண்டுபோகவே வேண்டாம், அது பாஸ்வேர்ட் கேட்காமல் நேரே ரூட்டில் போய் நிற்கும், சொந்த லாப்டொப்பில் சோதிக்க மட்டும். பயனர் பெயரும் இடத்துக்கு இடம் மாறுகிறது, அமேசானில் அட்மின், ஜெனரிக்கில் டெபியன், இதை முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கலாம். நான் இறக்கியபோது இறக்கியது பழுதில்லை என்று சரிபார்க்கிற செக்சம் கோப்பு இருந்தது, அதற்குத் தனிக் கையொப்பம் இருக்கவில்லை. இவ்வளவு கவனமான குழு அதையும் கொடுத்தால் நல்லது. மெய்நிகர் மெஷின்களை நடத்துகிற ப்ராக்ஸ்மாக்சில் ஓட்டுகிறவர்கள், அதோடு மெஷின் பேச உதவுகிற க்யூஎமு கெஸ்ட் ஏஜென்ட்டைத் தாங்களே சேர்க்க வேண்டும்.

இங்கே இருந்து பாவிக்கிறவர்களுக்கு: நேரம் யுடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்கும், கிளவுட்-இனிட்டில் ஏசியா/கொழும்பு என்று ஒரு வரி போடாவிட்டால் லொக்கில் ஐந்தரை மணித்தியாலம் கூட்டித்தான் படிக்க வேண்டும். 2022 இல் ரூபா விழுந்ததிலிருந்து டொலர் பில்லைப் பார்த்துப் பார்த்துக் கட்டுகிற கம்பனிகளுக்கு மிகச் சின்ன மெஷினே பெரிய விஷயம், பின்னணியில் தேவையில்லாத சேவை எதுவும் ஓடாததால் 1 ஜிபி மெமரியிலும் தளம் தாராளமாக ஓடுகிறது. ஒன்று மட்டும், டெபியன் 13 இல் தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் அடைவு மெமரிக்குப் போய்விட்டது, சின்ன மெஷினில் பெரிய பக்கப் (காப்புப் பிரதி) கோப்பை அங்கே விரிக்காதீர்கள்.

ஃபோன் எடுத்து உதவி கேட்கக் காசு கட்டத் தயாராக இருக்கிற கம்பனிக்கு இது சரிவராது, அவர்கள் ரெட்ஹட் பக்கமோ உபுண்டு ப்ரோ பக்கமோ போகட்டும். புதிய கேர்னல் வேண்டும் என்பவர்கள் அதற்காக டெபியனை விடத் தேவையில்லை, பக்போர்ட்ஸ், அதாவது நிலையான பதிப்புக்காகத் திருப்பிக் கட்டிய புதிய, கேர்னலோடு கட்டிய இமேஜும் அதே தளத்தில் கிடைக்கிறது.