உறைநிலை ஹெரிங்: பினாங்குக் கடையொன்றில் வாங்கிய மீனும் பொட்டலத்தின் பின்புறத்து எண்ணும்

ஜார்ஜ் டவுனில் இறக்குமதி உணவுப் பொருள்களை விற்கும் ஒரு கடையில், நோர்வேயிலிருந்து வரும் உறைநிலை ஹெரிங் மீனை நான்கு மாதங்களாக வாங்கிச் சமைத்து வருகிறேன். முள்ளெலும்பு நீக்கி, தோலோடு இரு பக்கமும் விரித்து வெட்டப்பட்ட துண்டுகள் அரைக்கிலோப் பொட்டலமாக 19 வெள்ளிக்குக் கிடைக்கின்றன. மீனைப் பொறுத்தவரை எனக்குப் பெரிய குறை இல்லை. அந்தப் பொட்டலத்தின் பின்புறத்தில் அச்சிடப்பட்டிருக்கும், அல்லது அச்சிடப்படாமல் போகும், ஒரு சிறு எண்ணைப் பற்றித்தான் இந்த மதிப்புரையில் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் சுவையைச் சொல்லிவிடுகிறேன். ஹெரிங் நம் மத்தி மீனின் குடும்பத்தைச் சேர்ந்தது. சரவாக்கில் பெயர் பெற்ற தெருபோக்கும் தமிழ்நாட்டுக் கரையில் கிடைக்கும் உள்ளம் என்னும் மீனும் இதே குடும்பந்தான். ஆகவே அந்தக் குடும்பத்துக்கே உரிய கொழுப்பும் மணமும் மெல்லிய முட்களும் இதிலும் இருக்கின்றன. முந்திய இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உறைநீக்கினால் சதை சிதையாமல் இருக்கிறது. அவசரப்பட்டுத் தண்ணீரில் போட்ட ஒரு நாள் தோல் தனியாகவும் சதை தனியாகவும் கழன்று வந்தது. மஞ்சள், மிளகாய்த்தூள், சிறிது சோம்புத்தூள் தடவி, தோல் கீழே இருக்கும்படி தோசைக்கல்லில் இட்டால் ஒரு தேக்கரண்டி எண்ணெய்க்கு மேல் தேவைப்படாது. மீனே தன் கொழுப்பை விட்டு, ஓரங்கள் மொறுமொறுவென்று சிவக்கும். புளிக்குழம்பில் போடுவதானால் குழம்பு நன்றாகக் கொதித்து, வெந்தய வாசம் எழும்பி, அடுப்பைத் தணித்த பிறகே துண்டுகளைச் சட்டியில் இறக்க வேண்டும். கெம்போங் (கானாங்கெளுத்தி) மீனைப் போல இது கொதியைத் தாங்காது. நுண்முட்கள் இருப்பதால் சிறு பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது விரலால் தடவிப் பார்த்துக் கொடுப்பது நல்லது.

இப்போது அந்த எண்ணுக்கு வருகிறேன். முதலில் வாங்கிய இரண்டு பொட்டலங்களிலும் பிடிக்கப்பட்ட பகுதி 27.2.ஏ என்று குறிக்கப்பட்டிருந்தது. 27 என்பது உலக உணவு வேளாண் அமைப்பு வடகிழக்கு அட்லாண்டிக் கடலுக்குக் கொடுத்த எண், 2.ஏ என்பது அதனுள் நோர்வேக் கடல். அடுத்த மாதம் வந்தவற்றில் 27.4.ஏ என்றிருந்தது, அது வடகடலின் வடபகுதி. மூன்றாவது தடவை கடைக்காரர்கள் தங்கள் விலைச்சீட்டைச் சரியாக அந்த வரியின் மேலேயே ஒட்டிவிட்டார்கள். நகத்தால் உரித்துப் பார்த்தேன்; அச்சு சீட்டோடு சேர்ந்து வந்துவிட்டது. கல்லாவில் இருந்த இளைஞரிடம் கேட்டபோது, "ஆன்ட்டி, எல்லாம் நோர்வே மீன்தான், ஒரே சாமான்" என்றார். அவர் மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் அது ஒரே சாமான் அன்று.

கடல்நீரில் வேலி இல்லாவிட்டாலும் ஹெரிங் மீன்கள் தனித்தனிக் கூட்டங்களாகவே வாழ்கின்றன. நோர்வேக் கரையோரம் இளவேனிலில் முட்டையிட்டு, பிறகு நோர்வேக் கடலெங்கும் இரை தேடித் திரியும் கூட்டம் ஒன்று; வடகடலின் கற்பரப்புகளில் முட்டையிடும் கூட்டம் வேறொன்று. ஒவ்வொன்றுக்கும் தனி வரலாறு உண்டு, ஆண்டுக்கு இத்தனை டன்தான் என்ற தனிப் பிடிவரம்பும் உண்டு. நோர்வேக் கூட்டம் ஒரு காலத்தில் உலகின் மிகப்பெரிய மீன்கூட்டங்களுள் ஒன்றாக இருந்தது. 1960களில் மீன்கூட்டத்தை ஒலியால் கண்டறியும் சோனார் கருவியும், சுருக்குவலையைத் தூக்கும் விசை உருளையும் படகுகளுக்கு வந்தன. 1966-ஆம் ஆண்டு மட்டும் ஏறத்தாழ 20 இலட்சம் டன் பிடிக்கப்பட்டது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கூட்டம் கிட்டத்தட்ட இல்லாமற்போயிற்று. ஹெரிங்கை நம்பியே எழுந்த ஐஸ்லாந்தின் வடகரை ஊர்களில் உப்பிடும் கொட்டகைகள் வெறுமையாகக் கிடந்தன.

இந்த அழிவில் எனக்கு மிகவும் அச்சம் தருவது, அது எவருக்கும் முன்கூட்டியே தெரியாமற்போன விதம். கடலடித் தரையில் பரவி வாழும் மீன் குறைந்தால் வலையிலும் குறையும். மீனவர் அதை அன்றாடம் தம் கூடையில் காண்பார். ஹெரிங் அப்படியன்று. எண்ணிக்கை பத்தில் ஒன்றாகச் சுருங்கினாலும் மிஞ்சியவை ஒன்றுகூடியே நீந்தும். சோனார் அந்தக் கடைசிக் கூட்டத்தையும் காட்டிக்கொடுக்கும். வலை அன்றும் நிரம்பியே மேலே வரும். நிரம்பிய வலையைப் பார்த்துக் கடலில் மீன் இருக்கிறது என்று நம்பியவர்களை நான் குறை சொல்லவில்லை. அதனால்தான் படகில் இல்லாத ஒருவர், எண்ணிப் பார்த்து, இத்தனை டன்னோடு நிறுத்துங்கள் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. முதிர்ந்த மீனோடு, முட்டையிடும் வயதை எட்டாத குஞ்சுகளும் டன் டன்னாக மீன்மாவு ஆலைகளுக்குப் போயின என்பதையும் சேர்த்துப் பார்த்தால், விதைநெல்லைக் குத்தித் தின்ற கதை என்பதைத் தவிர வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. 1983-இல் பிறந்த குஞ்சுகள் ஏராளமாகத் தப்பிப் பிழைத்து, அவற்றை வளரவிட்டுக் காத்திருந்த பிறகுதான் அந்தக் கூட்டம் மீண்டது. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின.

வடகடல் கூட்டமும் 1970களில் வீழ்ந்தது. 1977-இல் அங்கே ஹெரிங் பிடிப்பையே மூடினார்கள். படிப்படியாகத் திறந்து 1983-இல்தான் முழுவதும் அனுமதித்தார்கள். ஆனால் நான் அதிகம் மதிப்பது 1996-இல் நடந்ததைத்தான். கூட்டம் மறுபடியும் சரிகிறது என்று அறிவியலாளர்கள் எச்சரித்தபோது, ஐரோப்பிய ஒன்றியமும் நோர்வேயும் அடுத்த ஆண்டு வரட்டும் என்று காத்திருக்கவில்லை. பருவத்தின் நடுவிலேயே அவ்வாண்டின் பிடிவரம்பைப் பாதியாகக் குறைத்தன. படகுகளுக்குக் கடன் இருந்திருக்கும், ஆலைகளில் ஆள்கள் காத்திருந்திருப்பார்கள். அந்த முடிவு எவருக்கும் இனித்திருக்காது. கூட்டம் இரண்டாம் முறை சாகாமல் பிழைத்தது.

இந்த வரம்பு எப்படிப் பிறக்கிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். ஆய்வுக்கப்பல்கள் ஒலியலைகளை அனுப்பிக் கூட்டத்தின் அளவை மதிப்பிடுகின்றன; மீனின் செதிலிலும் செவிக்கல்லிலும் உள்ள வளையங்களை எண்ணி வயதைக் கணிக்கிறார்கள். 1902-இல் தொடங்கிய, கோப்பன்ஹேகனில் இயங்கும் ஐசஸ் என்ற கடலாய்வு மன்றம் இவற்றைத் தொகுத்து, அடுத்த ஆண்டு இத்தனை டன்னுக்கு மேல் பிடிக்கக் கூடாது என்று அறிவுரை தருகிறது. அரசுகள் அதை வரம்பாக்கி, நாட்டுக்கு இவ்வளவு, படகுக்கு இவ்வளவு என்று பிரிக்கின்றன. கரையில் இறங்கும் மீன் நிறுக்கப்பட்டு அந்தப் பங்கில் கழிக்கப்படும். பங்கு தீர்ந்தால் படகு நிற்க வேண்டும்.

சிக்கல் பிரிக்கும் இடத்தில்தான் வருகிறது. வடகடல் ஹெரிங்கில் ஐரோப்பிய ஒன்றியமும் நோர்வேயும் நெடுங்காலமாகவே பங்கீட்டு விகிதம் ஒன்றை வைத்திருந்தன. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகு மூன்று தரப்பும் ஆண்டுதோறும் கூடிப் பேசி வரம்பை முடிவு செய்கின்றன. நோர்வேக் கடல் கூட்டமோ நோர்வே, ரஷ்யா, ஐஸ்லாந்து, பரோயே தீவுகள், ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன் என்று பலருடைய நீர்ப்பரப்பிலும் சுற்றுகிறது. என் கடலில்தான் அதிகம் மேய்கிறது என்று ஒவ்வொருவரும் வாதிடுகிறார்கள். 2013-இல் பரோயே தீவுகள் தம் பங்கைத் தாமாகவே பன்மடங்கு உயர்த்த, ஐரோப்பிய ஒன்றியம் அவர்களுடைய ஹெரிங்கை வாங்க ஓராண்டு தடை விதித்தது. மொத்த வரம்பை ஏற்கிறோம் என்று எல்லோரும் கையெழுத்திடுகிறார்கள். ஆனால் தத்தம் பங்கு என்று எடுத்துக்கொண்டவற்றைக் கூட்டினால் அந்த வரம்பு உடைந்துபோகிறது. 2021-ஆம் ஆண்டுக்கான அறிவுரை சுமார் 651,000 டன். நாடுகள் ஒதுக்கிக்கொண்டவற்றின் கூட்டுத்தொகை அதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதிகம். இந்தக் காரணத்தாலேயே 2020-ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் அந்தக் கூட்டத்தைப் பிடிக்கும் மீன்பிடிப்புகளுக்கு, கடல்வளம் குன்றாமல் பிடிப்பதற்கு அடையாளமான எம்.எஸ்.சி. நீல முத்திரைச் சான்றிதழ் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகவே 27.2.ஏ, 27.4.ஏ என்ற இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு, வாங்குகிறவர் அறிய வேண்டிய வேறுபாடு.

இதைச் சௌராஸ்தா சந்தையில் நான் வழக்கமாக மீன் வாங்கும் அண்ணனிடம் சொன்னேன். கெம்போங் மீன்களைப் பனிக்கட்டியின் மேல் அடுக்கிக்கொண்டே கேட்டவர், "அங்க கிலோ கணக்கு பார்த்து நிறுத்துறாங்களா, அக்கா? இங்க படகுக்கு லைசென்ஸ், வலைக்குக் கண்ணு, அவ்வளவுதான் பார்ப்பாங்க" என்றார். அவர் சொன்னது பெரும்பாலும் சரி. 1985-ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டப்படி நம் நாட்டுக் கட்டுப்பாடு முக்கியமாகப் படகு உரிமம், கரையிலிருந்து எத்தனை கடல்மைல் என்னும் மண்டலம், வலைக்கண் அளவு ஆகியவற்றைக் கொண்டே நடக்கிறது. ஒரே வலையில் பல இன மீன்கள் சேர்ந்து விழும் நம் கடலில் ஓர் இனத்துக்கு மட்டும் டன் கணக்கில் வரம்பு வைப்பது எளிதன்று என்பதும் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அவர் அடுக்கிய மீன்கள் என் உள்ளங்கை நீளத்தைத் தாண்டவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

கடையைப் பற்றி மிச்சமுள்ளவற்றைச் சொல்கிறேன். உறைபெட்டி சுத்தமாக இருக்கிறது. உறைந்து உருகி மறுபடி உறைந்த பொட்டலம் ஒன்றுகூட எனக்குக் கிடைத்ததில்லை. விலை கெம்போங்கைவிட அதிகம். நான் அதை மாதம் இருமுறை கொடுக்கத் தயாராக இருக்கிறேன். ஆனால் விலைச்சீட்டைப் பிடிபகுதியின் மேல் ஒட்டுவதை அவர்கள் நிறுத்த வேண்டும். எந்தக் கூட்டத்து மீன் என்பதை உறைபெட்டியின் முன் ஓர் அட்டையில் எழுதி வைத்தால் இன்னும் நல்லது. இதை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். சென்ற சனிக்கிழமை போனபோது அதே இளைஞர் என்னைக் கண்டதும் பெட்டியைத் திறந்து, பொட்டலங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஆன்ட்டி, இது நாலு ஏ, இது ரெண்டு ஏ" என்று பிரித்து வைத்தார். சீட்டுகள் இப்போது முன்பக்கத்தில் ஒட்டப்பட்டிருந்தன. நாலு ஏ என்று அவர் பிரித்தவற்றில் இரண்டை எடுத்துக்கொண்டேன்.