மாமல்லபுரம் வெளிச்சவீடு: பருத்தித்துறை ஆக்கள் கட்டாயம் ஏறிப் பாக்கோணும்

போன மாசம் பலாலியில இருந்து பிளைட் எடுத்து சென்னைக்குப் போனனாங்கள், கலியாண உடுப்பு எடுக்கத்தான், ஆனா ஒரு நாள் மிச்சம் வந்ததால மாமல்லபுரம் போவம் எண்டு வெளிக்கிட்டம். அம்மா, நான், மனுசி, மகள், ரெண்டு பை பருத்தித்துறை வடை. கடற்கரைக் கோயில், ஐந்து ரதம் பற்றியெல்லாம் கனபேர் எழுதிப்போட்டினம், நான் வெளிச்சவீட்டப் பற்றி மட்டும் சொல்லுறன்.

நான் யாழ்ப்பாணத்தில பருத்தித்துறை முனைக்குக் கிட்டப் பிறந்தவன். எங்கட வெளிச்சவீடு 1916ல கட்டினது, 32 மீட்டர் உயரம், எங்கட அம்மப்பா இரவில வள்ளத்தில வரேக்க அந்த வெளிச்சத்தப் பாத்துத்தான் கரைக்குத் திருப்புவார் எண்டு அம்மா இப்பவும் சொல்லுவா. ஆனா எனக்கு நாப்பது வயசாகுது, இண்டுவரைக்கும் அதின்ர முதல் படியில கூட கால் வச்சதில்ல, வேலிக்கு வெளியில நிண்டு அண்ணாந்து பாத்ததுதான். அதால மாமல்லபுரத்தில டிக்கெட் எடுத்திட்டு ஏறலாம் எண்டு போர்டப் பாத்தவுடன எனக்கு என்னமோ மாதிரிப் போச்சு.

மலைப் பாறைக்கு மேல கறுப்புக் கல்லால கட்டின வட்டமான கோபுரம், வெள்ளை அடிக்கேல்ல, கல்லக் கல்லாவே விட்டிருக்கினம். ஒரு 26 மீட்டர்தான், ஆனா அடியில பாறையும் இருக்கிறதால நல்ல உயரமாத் தெரியும். 1904ல இருந்து எரியுது. அதுக்குப் பக்கத்திலயே ஒலக்கண்ணேஸ்வரர் கோயில் எண்டு பல்லவர் காலத்துச் சின்னக் கோயில் ஒண்டு, இந்தக் கோபுரம் வர முதல் அந்தக் கோயில்ர உச்சியிலதான் கப்பலுகளுக்கு விளக்குக் கொளுத்தினவையாம். பழசும் புதுசும் ஒண்டையொண்டு பாத்துக்கொண்டு நிக்குது, அந்த இடத்தில கனநேரம் நிண்டம்.

ஏறுற படி சுத்திச் சுத்திப் போகுது, ஒடுக்கம், மேல இருந்து ஆக்கள் இறங்கினா சுவரோட ஒட்டி நிண்டு வழி விடோணும். வெளியில சரியான வெயில், உள்ளுக்க கல்லில கைய வச்சா தண்ணிப் பானையத் தொட்ட மாதிரிக் குளிருது. கடைசித் துண்டு ஏணி மாதிரி செங்குத்து, பிறகு ஒரு சின்ன வாசல், குனிஞ்சு தவண்டுதான் வெளிய வரோணும். அம்மாவுக்கு எழுபது தாண்டிட்டுது, கீழ இருக்கிறன் எண்டவ, பிறகு ஒவ்வொரு படியா இருந்து இருந்து ஏறி வந்திட்டா. முழங்கால் வருத்தம் உள்ள ஆக்கள் யோசிச்சு ஏறுங்கோ. சாறி கட்டிக்கொண்டு அந்த வாசலால வாறது நல்ல கஷ்டம், அம்மான்ர முந்தானைய காத்து அப்பிடியே தூக்கிப்போட்டுது.

மேல இருந்து பாத்தா ஒரு பக்கம் கடற்கரைக் கோயில் தீப்பெட்டி அளவு, மற்றப் பக்கம் முழுக்கப் பாறையும் பனையும், தெற்கால கல்பாக்கம் அணுமின் நிலையம். அந்தப் பக்கம் படம் எடுக்காம இருக்கிறது நல்லம். கீழ பழைய விளக்குச் சாமான்கள் வச்ச ஒரு மியூசியமும் இருக்கு, பிள்ளையளுக்குப் பிடிக்கும்.

குறை எண்டா மத்தியானம் பூட்டிட்டாங்கள், நாங்கள் அந்த நேரம் போய் வெயிலுக்க காத்து நிண்டதுதான் மிச்சம். தண்ணிப் போத்தில் கொண்டு போங்கோ. வெளிநாட்டு ஆக்களுக்கு டிக்கெட் கொஞ்சம் கூட, பெரிய காசில்ல.

இன்னொண்டு. 2001ல புலிகளால ஆபத்து வரலாம் எண்டு சொல்லி இந்தக் கோபுரத்தப் பூட்டி, 2011லதான் திரும்பத் திறந்தவை. எங்கட சண்டைக்குப் பயந்து பூட்டினதயே திறந்து விட்டிட்டாங்கள், எங்கட முனையில இருக்கிறது எப்ப எங்களுக்குத் திறக்கும் எண்டு மனுசியிட்டக் கேட்டன், அவ ஒண்டும் சொல்லேல்ல. டிக்கெட் போட்டுத் திறந்தா முதல் நாளே வரிசையில நிப்பன், எவ்வளவு காசு எண்டாலும்.

அம்மா மேல கம்பியப் பிடிச்சுக்கொண்டு, தம்பி எங்கட ஊர் எந்தப் பக்கம் எண்டு கேட்டா. போன எடுத்து மேப்பில பாத்தன். மாமல்லபுரத்தில இருந்து நேர தெற்கால கோடு கீறினா ஏறத்தாழ 300 கிலோமீட்டரில பருத்தித்துறை, கிழக்கு மேற்கு எண்டு ஒரு சொட்டுத்தான் விலகல். கையக் காட்டினன். அவ அந்தப் பக்கம் பாத்துக்கொண்டு கனநேரம் நிண்டா, காவலுக்கு நிண்ட தம்பி வந்து இறங்கச் சொல்லுமட்டும்.