காற்றின் வேகம்: பாயைப் பார்ப்பதா, கடலைப் பார்ப்பதா?

கையில் காற்றுமானி இல்லை, நடுக்கடல். காற்று எவ்வளவு என்று தெரிய வேண்டும். பாயைப் பார்த்தும் சொல்லலாம், அலையைப் பார்த்தும் சொல்லலாம். என் ஓட்டு அலைக்குத்தான். ஆனாலும் பாய்க் கணக்கு லேசுப்பட்டதல்ல.

பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபோர்ட் 1806-இல் காற்றுக்கு எண் போட்டு எழுதத் தொடங்கினார்; பிறகு அந்த எண்களைப் பாயோடு பிணைத்தார். எல்லாப் பாயும் விரித்த போர்க்கப்பல் 5, 6 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் ஓடினால் எண் 4. அதற்கு மேலே, எதிரியைத் துரத்தும்போது கப்பல் எத்தனை பாய் தாங்கும் என்பதே அளவு. எந்தப் பாயும் நிற்காது என்றால் 12. 1838-இல் கடற்படை முழுவதும் இதே முறை வந்தது. மாலுமிக்கு வேண்டியதை நேராகச் சொன்ன அளவு அது.

சிக்கல் என்னவென்றால், கப்பல் மாறினால் கணக்கும் மாறிவிடும். நீராவிக் கப்பல் வந்தபோது பார்ப்பதற்குப் பாயே இல்லை. இன்னொன்று, பாய்க்குத் தெரிவது படகின் ஓட்டமும் சேர்ந்த காற்று. 18 நாட் காற்றில், அதே திசையில் 8 நாட் வேகத்தில் ஓடும் படகுக்கு உறைப்பது 10 நாட்தான். காற்றை எதிர்த்துத் திருப்பும்போது படகின் வேகமும் காற்றோடு கூடி உறைக்கும்; அப்போதுதான் விஷயம் தெரியும்.

கடலுக்கு இந்தக் குழப்பம் கிடையாது. ஜெர்மன் கப்பல் தலைவர் பீட்டர்சன் 1927-இல் ஒவ்வொரு எண்ணுக்கும் கடல் எப்படி இருக்கும் என்று எழுதிவைத்தார். அலை உயரத்தைவிட நுரையைக் கவனியுங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக வெண்நுரை என்றால் எண் 3, அதாவது 7 முதல் 10 நாட். பார்க்கும் பக்கமெல்லாம் நுரை, கொஞ்சம் சாரலும் தெறிக்கிறது என்றால் 5. உடைந்த நுரை காற்று போகும் திக்கில் கோடுகோடாக நீள ஆரம்பித்தால் 7. காற்று 28 நாட்டைத் தொட்டுவிட்டது.

அலையும் ஏமாற்றும். காற்று ஏறிய பிறகு கடல் எழ நேரம் பிடிக்கும். கரையிலிருந்து வீசும் காற்றில் கரையோரம் அலை சின்னதாகவே இருக்கும். கனமழை அலையை அமுக்கிவிடும். நீரோட்டம் காற்றுக்கு எதிராக ஓடினால் அலை செங்குத்தாகி முன்னதாகவே உடையும். காற்றைக் கூட்டிக் கணித்துவிடுவோம். இரவில் சொல்லவே வேண்டாம்.

அப்போதுதான் பாய் உதவுகிறது. படகு அதிகம் சாய்ந்து, சுக்கான் கைக்குக் கனத்தால் எண் என்னவென்று யோசிக்காமல் பாயைக் குறையுங்கள். பகலில் காற்றோடு ஓடிவிட்டுத் திரும்புவதாக இருந்தால் முதலில் நுரையைப் பாருங்கள், தேவையான பாயைச் சுருக்குங்கள், அப்புறம் சுக்கானைத் திருப்புங்கள்.