விற்கும் உரிமை யாரிடம்? பென் அண்டு ஜெர்ரீஸும் படகோனியாவும்

இரண்டுமே எழுபதுகளில் அமெரிக்காவில் பிறந்தவை. பென் அண்டு ஜெர்ரீஸ் ஐஸ்கிரீம் நிறுவனம், படகோனியா மலையேறுபவர்களுக்கான துணிமணி நிறுவனம். இரண்டையும் தொடங்கியவர்கள் மனதார நல்லது நினைத்தவர்கள்தான். அப்புறம் ஏன் ஒன்றின் கொள்கை மட்டும் கோர்ட்டுப் படி ஏறியது?

பென் அண்டு ஜெர்ரீஸை 2000இல் பன்னாட்டு நிறுவனமான யூனிலீவர் 32.6 கோடி டாலருக்கு வாங்கியது. சமூகக் கொள்கையைக் காப்பதற்கென்று தனி இயக்குநர் குழு இருக்கும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. 2021 ஜூலையில், ஆக்கிரமிக்கப்பட்ட பாலஸ்தீனப் பகுதிகளில் இனி விற்கப்போவதில்லை என்று பென் அண்டு ஜெர்ரீஸ் அறிவித்தது. அடுத்த ஆண்டே யூனிலீவர், அங்கே விற்பனை தொடரும்படி, இஸ்ரேல் வியாபாரத்தை அங்கு விற்க உரிமம் பெற்றிருந்தவருக்கு விற்றுவிட்டது. குழு வழக்குப் போட்டது. அது சமரசத்தில் முடிந்தும், 2024இல் மறுபடி வழக்கு. 2025 செப்டம்பரில், தொடங்கியவர்களில் ஒருவரான ஜெர்ரி கிரீன்ஃபீல்டு, நிறுவனத்தின் சுதந்திரம் பறிபோய்விட்டது என்று சொல்லி விலகினார். 47 வருட உறவு. படித்தபோது மனசு கனத்தது.

படகோனியாவைத் தொடங்கிய இவான் ஷுய்னார்டுக்கும் விற்கும் வாய்ப்பு இருந்தது. சுமார் 300 கோடி டாலர் மதிப்புள்ள நிறுவனம். புதிதாக வாங்குபவர் கொள்கையைக் காப்பார் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று யோசித்து, 2022இல் அவர் வேறு வழி எடுத்தார். ஓட்டுரிமை உள்ள 2 சதவீதப் பங்குகள் ஒரு டிரஸ்டுக்கு; ஓட்டுரிமை இல்லாத மீதி 98 சதவீதம் சுற்றுச்சூழலுக்காகப் போராடும் அமைப்புக்கு. தொழிலில் மறுபடி போடாத லாபம் அந்த அமைப்புக்கே போகும்.

அதற்கு முன்பும் அவர்கள் சும்மா இருக்கவில்லை. 1985இலிருந்தே ஒரு சதவீதம் கொடுத்துவருகிறார்கள்; அதுவும் லாபத்தில் அல்ல, விற்பனையில். நஷ்டம் வந்தாலும் கொடுத்தாக வேண்டும் என்பதால் இது எனக்குப் பெரிதாகப் படுகிறது. 2011இல் நியூயார்க் டைம்ஸில் தங்கள் ஜாக்கெட்டின் படத்தைப் போட்டு, இதை வாங்காதீர்கள் என்று விளம்பரம் செய்தார்கள். கூடவே, கிழிந்ததையும் ஜிப் போனதையும் சரிசெய்து கொடுக்கிறார்கள்.

குறை இல்லாமல் இல்லை. டிரஸ்டில் குடும்பத்தின் செல்வாக்கு தொடர்கிறது. இந்த ஏற்பாட்டால் பெரிய வரி மிச்சமானது என்ற விமர்சனமும் நியாயமானதே. ஆனாலும் என் ஓட்டு படகோனியாவுக்குத்தான். பென் அண்டு ஜெர்ரீஸில் கொள்கை ஒரு குழுவிடமும் நிறுவனம் வேறொருவரிடமும் இருந்தது. இங்கே இரண்டும் ஒரே கையில் இருக்கின்றன.