பீளமேட்டுல குவாண்டம் கிளாஸ்: 400 ரூவாய்க்குப் போலாமுங்களா?

கேபிள் லைன் இழுக்கறவனுக்கு குவாண்டம் எதுக்குன்னு வூட்ல கேட்டாங்க, ஆனா நோட்டீஸ்ல ஃபைபர்னு போட்டிருந்துச்சு, அதுக்காவவே 400 ரூவா கட்டிட்டுப் போனனுங்க. காத்தால ரெண்டு மணி நேரம் சுத்த வேஸ்ட். வந்தவரு பொட்டிக்குள்ள பூன கதையவே சொல்லி ஓட்டிட்டாரு.

மத்தியானத்துக்கு மேல வந்த அம்மணி தானுங்க கிளாஸே எடுத்தாங்க. கால்சியம் அணுவுல ஒரு எலக்ட்ரானப் புடுங்கிட்டா அது அயான், அத வேக்குவத்துல அந்தரத்துல புடிச்சு வெக்கறாங்க. லேசர் அடிச்சா ஒரு ஃபோட்டான், அதாவது ஒரே ஒரு ஒளித்துணுக்கு வருது, ஆனா அது எந்தப் பக்கம் வேணா ஓடும், லென்ஸ் வெச்சாலும் கொஞ்சந்தான் சிக்கும். அதுக்குத்தான் கேவிட்டியாம், எதிரெதிரா ரெண்டு கண்ணாடி, நடுவுல அயான். ஃபோட்டான் கண்ணாடிக்கு நடுவுலயே வந்து விழுகுது, ஒரு கண்ணாடி மட்டும் லேசா ஒழுகும், அந்த வழியா ஃபைபருக்குள்ள போயிரும், வாய்க்கால்ல மடை தெறந்து விடற மாதிரி. கண்ணாடிய நெம்பக் கிட்டக் கொண்டுபோனா அதுல சார்ஜ் சேந்து அயானையே ஆட்டி வெக்குதாம், அந்தத் தலவலி வேற.

அப்பறந்தான் நம்ம ஏரியா வந்துச்சு. அந்த ஃபோட்டான் 854 நானோமீட்டர், ஃபைபர்ல கிலோமீட்டருக்கு 3 டிபி (வெளிச்சம் எவ்வளவு கொறையுதுன்னு சொல்ற அளவு) கிட்டப் போயிரும், அதாவது கிலோமீட்டருக்குப் பாதி காலி! கனெக்டர்ல அர டிபி போனாலே நமக்கு கஸ்டமர் போன் வந்துருது. அதனால 1550க்கு மாத்தி அனுப்பறாங்களாம், அட, நாம கேபிள் டிவி ஓட்டற அதே 1550 தானுங்க! அதுல கிலோமீட்டருக்கு 0.2 டிபின்னா 50 கிலோமீட்டருக்கு 10 டிபி, பத்துல ஒன்னு மிஞ்சும். கோயமுத்தூர்ல விட்டா திருப்பூர் வரைக்கும் வந்துரும்னு வெச்சுக்கங்க. ஆஸ்திரியாவுல இன்ஸ்புரூக்ல 2019லயே அயானுக்கும் 50 கிலோமீட்டர் ஃபைபர் தாண்டுன ஃபோட்டானுக்கும் பின்னல் (என்டாங்கிள்மென்ட், தள்ளித் தள்ளி இருந்தாலும் ரெண்டும் ஒரே நெலையப் பங்கு போட்டுக்கறது) போட்டுக் காட்டிட்டாங்களாம், 2023ல 230 மீட்டர் தள்ளி வேற வேற கட்டடத்துல இருந்த ரெண்டு அயானுக்கும்.

வழியில ஒரு ஆம்ப்ளிஃபயர் போட்டா ஆகாதுங்களான்னு கேட்டுட்டனுங்க. யாரும் சிரிக்கல. ஆம்ப்ளிஃபயர்னா காப்பி எடுத்துப் பெருக்கறது, குவாண்டம் நெலைய காப்பி எடுக்கவே முடியாது, அதனால ரெண்டு பக்கத்துப் பின்னலையும் நடுவுல சேத்து விடற, அயான் வெச்ச ரிப்பீட்டர் தான், ரெண்டு பக்கமும் 25 கிலோமீட்டர் ஃபைபரோட அதையும் 2023ல அங்கயே பண்ணிட்டாங்கன்னு சொல்லி போர்டுல பொறுமையா வரைஞ்சு காட்டுனாங்க. 400 ரூவா அந்த அர மணி நேரத்துக்கே செரியாப் போச்சு.

அஞ்சுக்கு மூன்ற குடுக்கறேன். மத்தியானம் அரிசிம்பருப்பு, ஆறிப்போய் நெய் கூட இல்லாம, வூட்ல இருந்தே கட்டிட்டுப் போயிருங்க.