லாடமா, தண்டா, தகடா? ஸ்டீல் கிட்டாருக்கு வீட்டிலேயே சுற்றும் பிக்அப்கள்

தந்திமேல் உலோகத் துண்டை நகர்த்தி வாசிக்கும் ஸ்டீல் கிட்டாருக்கு, தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்அப்பை (காந்தமும் கம்பிச் சுருளும் சேர்ந்தது) சொந்தமாகச் சுற்ற ஆசைப்படுகிறவர்கள் எடுத்த எடுப்பில் காந்தத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். அல்நிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த காந்தம்) என்றால் இனிமை, ஃபெரைட் என்றால் கரகரப்பு, நியோடிமியம் பக்கம் தலைவைத்தும் படுக்காதே, பழைய லாடக் காந்தம் கிடைத்தால் விட்டுவிடாதே. இதில் பாதி கேள்விஞானம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு ஒரே ஒரு பிக்அப்தான் செய்யப்போகிறீர்கள் என்றால், இரும்புத் தகடும் அதன் அடியில் மலிவான ஃபெரைட் காந்தமும் போதும். லாடக் காந்தத்துக்கும் தந்திக்கொரு காந்தத் தண்டு வைப்பதற்கும் தனித்தனிச் சிறப்பு உண்டு, தனித்தனித் தலைவலியும் உண்டு.

கடையில் வாங்கிப் பொருத்தினால் ஆகாதா? ஆகும், பாதிக்கு. சாதாரண மின்சாரக் கிட்டாரின் ஸ்ட்ராட் வகைப் பிக்அப்பில் முதல் தந்திக்கான காந்தத் தண்டுக்கும் கடைசித் தந்திக்கானதற்கும் இடையே சுமார் 52 மி.மீ. மடியில் கிடத்தி வாசிக்கும் லாப் ஸ்டீலில், தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் அருகே தந்திகள் பெரும்பாலும் அதைவிட அகலமாக விரிந்திருக்கும். 8 தந்தி வைத்திருந்தாலோ, கோட்டுவாத்தியத்தை மனதில் வைத்து ஓரத்தில் சுருதித் தந்திகள் சேர்த்திருந்தாலோ, கடைச் சரக்கில் உங்களுக்குப் பதில் இல்லை.

காந்தத்துக்கு முன்னால் கம்பி. எந்த வகையாக இருந்தாலும் சுருள் ஒன்றுதான், தொனியில் பெரும்பங்கும் அதனுடையதுதான். வெளிநாட்டுக் குறிப்புகள் அமெரிக்கக் கம்பி அளவான ஏ.டபிள்யூ.ஜி. கணக்கில் 42 என்று சொல்லும். அதன் விட்டம் 0.0635 மி.மீ. நம் ஊர்க் கடைகளில் பிரிட்டிஷ் அளவான எஸ்.டபிள்யூ.ஜி. கணக்கு. அதில் 46 கேட்டால் 0.061 மி.மீ., கிட்டத்தட்ட அதே. எண்ணை மட்டும் பார்த்து 42 என்று கேட்டு வாங்கினால் 0.1 மி.மீ. கம்பி கைக்கு வரும். 8,000 சுற்று பாபினில் (கம்பி சுற்றும் சட்டத்தில்) அடங்காது. எஸ்.பி. ரோட்டின் உதிரிபாகக் கடைகளைவிட, எனாமல் கம்பியை எடைபோட்டு விற்கும் கடைகளில்தான் இதைத் தேட வேண்டும். ஒரு சுற்று சராசரியாக 15 செ.மீ. என்று வைத்தால் 8,000 சுற்றுக்கு 1,200 மீட்டர் ஆகும். மின்தடை 7 கிலோ ஓம் சொச்சம். எடை சுமார் 30 கிராம்தான். கால் கிலோ ஸ்பூல் வாங்கினால் நண்பர்களுக்கும் சேர்த்துச் சுற்றலாம்.

அல்சூரில் மோட்டார் ரீவைண்டிங் செய்யும் அண்ணன் ஒருவரிடம் இந்தக் கம்பியைக் காட்டியபோது, “இது கம்பியா தம்பி, தலைமுடியா? என் மெஷின்ல போட்டா மொத சுத்துலயே அறுந்துடும். நீயே கையில சுத்திக்கோ” என்றார். அவர் சொன்னது சரி. தையல் மெஷின் மோட்டார் ஒன்றும் அதன் கால் பெடலும் இருந்தால் போதும். கம்பியை விரலிடுக்கில் மெல்லப் பிடித்து இடமும் வலமும் நகர்த்த வேண்டியதுதான். எண்ணுவதற்கு எளிய வழி: சுழலும் தட்டில் ஒரு குட்டிக் காந்தம், எதிரே, காந்தம் நெருங்கினால் இணையும் ஒரு ரீட் சுவிட்ச், அதன் இரண்டு முனைகளும் பழைய கால்குலேட்டரின் ‘=’ பட்டனுக்கு. 1 + 1 என்று அழுத்திவிட்டுச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றுக்கும் எண் ஒன்று ஏறும். வேகம் கூடினால் கால்குலேட்டர் எண்ணைத் தவறவிடும் என்பதால் நிதானமாகத்தான் ஓட்ட வேண்டும்.

மல்டிமீட்டர் எண்ணை வைத்துச் சண்டை போடாதீர்கள். செம்பின் தடை ஒரு டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம் ஏறும். டிசம்பர் காலையில் 7.1 காட்டிய அதே சுருள் ஏப்ரல் மதியத்தில் 7.5 காட்டலாம்.

இனி லாடம். மின்சாரக் கிட்டாரின் கதையே லாப் ஸ்டீலில்தான் தொடங்குகிறது. 1930களின் தொடக்கத்தில் ஜார்ஜ் போஷாம்ப் வடிவமைத்து, அடால்ஃப் ரிக்கன்பேக்கரின் கூட்டுடன் வெளிவந்த அலுமினிய ‘ஃபிரையிங் பேன்’ கருவியில் இரண்டு லாடக் காந்தங்கள் தந்திகளை மேலும் கீழுமாக அணைத்து நிற்கும். சுருள் கீழே இருக்கும். காப்புரிமை 1937-ல் கிடைத்தது. தந்தி காந்தப் புலத்தின் நடுவிலேயே ஓடுவதால் ஒலி தடித்து, அடிவயிற்றிலிருந்து பாடும் குரல்போல வரும். அந்தக் காலத்துக் கருவியை நேரில் கேட்டவர்கள் வேறு எதிலும் திருப்தி அடைவதில்லை என்றால் அதில் வியப்பில்லை.

ஆனால் காந்தத்துக்கு எங்கே போவது? பள்ளி ஆய்வகத்து லாடக் காந்தத்தின் வாய் 6 தந்திக்குப் போதாது. ஞாயிற்றுக்கிழமை அவென்யூ ரோடு பக்கம் கூடும் பழைய சாமான் சந்தையில் கைச்சுழற்றித் தொலைபேசியின் மேக்னெட்டோ கண்ணில் பட்டால் அதற்குள் நீளமான லாடங்கள் இருக்கும். அவையும் பல வருடம் தட்டுப்பட்டு, முனைகளை இணைக்கும் இரும்புத் துண்டு இல்லாமல் கிடந்து, வலுவிழந்திருக்கும். இரும்புப் பட்டையை ‘ப’ வடிவில் வளைத்து அடியில் ஃபெரைட் வைத்தும் சிலர் செய்கிறார்கள். தோற்றம் வந்துவிடுகிறது, குரல் முக்கால்வாசி வருகிறது. இன்னொரு தொல்லை, உள்ளங்கையால் தந்தியை அணைத்து வாசிக்கும் இடத்திலேயே லாடம் மறித்துக்கொண்டு நிற்கும். தந்தி மாற்றுவதும் ஒவ்வொரு முறையும் ஊசியில் நூல் கோக்கிற வேலைதான்.

உண்மையான போட்டி தண்டுக்கும் தகடுக்கும் இடையில்தான். தந்திக்கு ஒன்றாக அல்நிகோ தண்டு நட்டு அதைச் சுற்றிக் கம்பி சுற்றுவது அமெரிக்கக் கிட்டார் கம்பெனியான ஃபெண்டரின் வழி. 1949-ல் வந்த சாம்பியன் லாப் ஸ்டீலின் பிக்அப்தான் பின்னாளில் டெலிகாஸ்டர் பிரிட்ஜ் பிக்அப்புக்கு முன்னோடி. நீளவாக்கில் ஒரே இரும்புத் தகடு வைத்து அடியில் காந்தம் கொடுப்பது 1930களின் நடுவில் இன்னொரு அமெரிக்கக் கம்பெனியான கிப்ஸன் தன் இ.எச்.150 லாப் ஸ்டீலில் செய்தது. ஆகவே தகடு ஒன்றும் ஏழைக்கு ஏற்ற எள்ளுருண்டை இல்லை, வம்சாவளி உள்ளது.

ஒரே எண்ணிக்கையில் சுற்றினாலும் இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்காது. அல்நிகோவைவிட இரும்பு காந்தப் பாய்வை எளிதாகக் கடத்தும். அதனால் சுருளின் இண்டக்டன்ஸ் (மாறும் மின்னோட்டத்தைத் தடுக்கும் தன்மை) ஏறும். தண்டு வகையில் 2.4 ஹென்றி, தகடு வகையில் சுற்றையும் கூட்டிக் கனத்த சுருளாக்கினால் 7 ஹென்றி என்று எடுத்துக்கொள்வோம். 5 மீட்டர் கேபிளையும் சேர்த்துக் கெப்பாசிட்டன்ஸ் 600 பிக்கோஃபாரட் என்றால் முதலாவதின் உச்சம் (ஒலி மிகத் தூக்கலாக வரும் அதிர்வெண்) 4,200 ஹெர்ட்ஸ் அருகே, இரண்டாவதின் உச்சம் 2,450 அருகே. தகட்டில் உண்டாகும் சுழல் மின்னோட்டம் அந்த உச்சத்தையும் கொஞ்சம் மழுக்கும். ஃபெரைட்டுக்குக் கரகரப்புப் பட்டம் கட்டியவர்கள் இங்கே விடையைத் தேட வேண்டும். ஃபெரைட் மின்சாரம் கடத்தாத பீங்கான் வகை. அது காந்தப் புலத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். குரலைத் தீர்மானிப்பது அதன்மேல் நிற்கும் இரும்பும் சுற்றிய கம்பியும்.

நம் வாசிப்புக்கு எது பொருந்தும் என்பதில்தான் எனக்குத் தகடு முந்துகிறது. கமகத்துக்காகப் பாரை, அதாவது கையிலுள்ள உலோகத் துண்டை, தேய்த்து ஏற்றி இறக்கும்போது சுற்றுத்தந்திகளில் (மேலே கம்பி சுற்றிய தடித்த தந்திகளில்) ஒரு ‘சர்ர்’ சத்தம் எழும். தண்டு வகை அதைப் பளிச்சென்று எடுத்துக் கொடுக்கும். தகடு அதை அமுக்கிவிட்டு ஸ்வரத்தின் உடலை முன்னால் நிறுத்தும். தோடியில் காந்தாரத்தை அசைத்துப் பாருங்கள், வித்தியாசம் அங்கேயே தெரியும். தந்தி இடைவெளி பற்றிய கவலையும் இல்லை. 6 ஆனாலும் 8 ஆனாலும் தகடு கேள்வி கேட்காது. மாறாக, பழைய சினிமாப் பாட்டுகளை ஆர்க்கெஸ்ட்ராவில் வாசிக்கிறவர் என்றால் தண்டையே எடுங்கள். கீபோர்டும் டிரம்ஸும் மேலே வந்து உட்காரும்போது அந்த 4,000 ஹெர்ட்ஸ் மினுக்கம்தான் உங்களைக் காப்பாற்றும்.

தகட்டின் குறை, தந்திக்குத் தந்தி ஒலியளவைத் திருத்த முடியாது என்பது. சுற்றில்லாத மூன்றாம் தந்தி மற்றவற்றைவிட உரக்கக் கத்தும். அந்த இடத்தில் மட்டும் தகட்டின் விளிம்பை அரைவட்ட அரத்தால் ஒரு மி.மீ. ராவிவிட்டால் அடங்கிவிடும்; ராவுவதைச் சுருள் சுற்றும் முன்பே செய்துவிடுங்கள், இரும்புத் தூள் காந்தத்தில் ஒட்டினால் லேசில் போகாது. தண்டில் ஏற்றி இறக்கலாமே என்பீர்கள். தண்டின் மேலேயே நேராகக் கம்பி சுற்றியிருந்தால் ஏற்றும்போது உள் சுற்று அறுந்துவிடும்.

நியோடிமியம்? தண்டுக்குப் பதில் இரும்பு ஸ்க்ரூ வைத்து, அதற்கு அடியில் குட்டி வட்டுகளை ஒட்டி மலிவாகச் செய்துவிடலாம். ஆனால் இழுவிசை அதிகம். மேல் ஸ்தாயியில் தந்தி தன் சுருதியிலேயே நிற்காமல் தள்ளாடும். தொலைவில் வைத்தால் சரியாகும். என் மேசையில் அதற்கு வேறு வேலை: வலுவிழந்த அல்நிகோ தண்டுகளை இரண்டு நியோடிமியம் கட்டிகளுக்கு நடுவே இழுத்தெடுத்தால் மறுபடி காந்தமேறிவிடும்.

எங்கே பொருத்துவது என்பதில் பிக்அப் 24-ஆவது ஃபிரெட் (கழுத்தின் குறுக்குக் கட்டை) இருக்கும் இடத்தில்தான் வர வேண்டும் என்ற கிட்டார்க்காரர்களின் வேதம் இங்கே செல்லாது, தந்தியின் நீளத்தைப் பார் மாற்றிக்கொண்டே இருக்கிறது. 571 மி.மீ. நீளத்தில் பிரிட்ஜிலிருந்து 57 மி.மீ. தள்ளிப் பிக்அப் இருந்தால், திறந்த தந்திக்கு அது பத்தில் ஒரு பங்கு. பார் நடுவில் வந்ததும் ஐந்தில் ஒரு பங்கு. அந்த இடத்தில் ஐந்தாவது ஹார்மோனிக் காணாமல் போகும். மேலே போகப் போக ஒலி தானாகவே மென்மையாவதன் காரணம் இதுதான். மேல் ஸ்தாயி மங்குகிறது என்று சுற்றைக் குறைக்கும் முன், பிக்அப்பைப் பிரிட்ஜ் பக்கம் பத்து மி.மீ. நகர்த்திப் பாருங்கள்.

கடைசியாக இரைச்சல். ஒற்றைச் சுருள் எதுவானாலும் மின்சார லைனின் 50 ஹெர்ட்ஸ் ஹம்மை (உறுமலை) உறிஞ்சும், அடுக்குமாடியில் எல்.இ.டி. டிரைவரும், கரண்ட் போனால் இன்வெர்ட்டரும் சேர்ந்துகொள்ளும். இதற்கும் தகடுதான் சுலபமான வழி. இரண்டு தகடு, தகட்டுக்கு 5,000 சுற்று, நடுவே ஒரே ஃபெரைட் சட்டம். ஒரு தகடு வடக்காகவும் மற்றது தெற்காகவும் ஆகிவிடும். இரண்டையும் ஒரே திசையில் சுற்றி, இரண்டின் தொடக்க முனைகளையும் ஒன்றோடொன்று பற்றவையுங்கள்; வெளி முனைகள் ஜாக்குக்கு. சோதிக்க, இரைச்சல் கிளப்பும் டிம்மர் வகை ஃபேன் ரெகுலேட்டரைப் பாதி வேகத்தில் வைத்து ஆம்ப்ளிஃபயரின் ஒலியை ஏற்றிப் பாருங்கள். இரைச்சல் குறையாமல் கூடியிருந்தால் ஒரு சுருளின் இரண்டு முனைகளையும் இடம் மாற்றுங்கள்.