அயிப்டேசியாவை ஒழிக்க வீட்டிலேயே பெர்கியா வளர்ப்பு: என் நீண்டகால அனுபவம்

உப்புநீர்த் தொட்டியில் அயிப்டேசியா என்ற கடல் சாமந்தி (பூப்போல் தெரியும், கொடுக்குள்ள கடல் விலங்கு) பெருகி நொந்துபோனவர்கள் கடைசியில் வந்து சேரும் இடம், அதைத் தின்னும் பெர்கியா என்ற கடல் நத்தை. வாங்கலாமா, உண்மையிலேயே வேலை செய்யுமா என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். வேலை செய்யும். முதலில் கடையில் வாங்கிவிட்டு, பிறகு வீட்டிலேயே குஞ்சு பொரிக்க வைத்துச் சில வருடங்களாக இதோடு இருப்பவன் என்பதால் தயங்காமல் சொல்கிறேன். ஆனால் வாங்கித் தொட்டியில் விடுவது வேறு, வளர்ப்பது வேறு. பெயர்தான் பெர்கியா வளர்ப்பு. அன்றாட வேலையில் முக்கால்வாசி அயிப்டேசியாவை வளர்ப்பதுதான். எதை ஒழிக்க வந்தோமோ அதற்கே தீனி போட்டு, வெளிச்சம் காட்டி, கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ள மனம் இருந்தால் இதில் இறங்குங்கள்.

நான் இருப்பது அமெரிக்காவில், நியூ ஜெர்சியில். 75 கேலன், அதாவது சுமார் 280 லிட்டர் ரீஃப் தொட்டி, கோரல் எனும் பவள உயிர்களை வளர்க்கும் தொட்டி. ஸோவா, ஹாமர், சில காளான் கோரல்கள். லைவ் ராக்கோடு (உயிரினங்கள் குடியிருக்கும் பாறை) ஒட்டிக்கொண்டு வந்த அயிப்டேசியா முதலில் ஒரு மூலையில் பழுப்பாக, கண்ணாடி போலத் தெரிந்தது. பார்க்க அழகாகவே இருந்தது. பிறகுதான் ஸோவாக்கள் ஒவ்வொரு பக்கமாக மூடிக்கொள்ள ஆரம்பித்தன. இந்தக் கடல் சாமந்தியின் கொடுக்கு பக்கத்துக் கோரலைச் சுட்டுச் சுருங்கவைத்துவிடும்.

இதை ஒழிப்பது ஏன் இவ்வளவு பாடு என்றால், அது பெருகும் விதம் அப்படி. பாறைமேல் நகரும்போது அடிப்பாகத்தின் சிறு துணுக்குகளை அங்கங்கே விட்டுவிட்டுப் போகும். ஒவ்வொரு துணுக்கும் ஒரு புதிய சாமந்தியாக வளரும். பிய்த்து எடுத்தாலும் அதே கதைதான். சுண்ணாம்புக் கரைசலை ஊசியால் ஏற்றலாம், கடையில் விற்கும் பசைகளைப் பூசலாம். கண்ணுக்கு எதிரே இருப்பவை சாகும். ஊசி நெருங்கியதுமே ஓட்டைக்குள் சுருங்கிக்கொள்பவையும் பாறையின் பின்பக்கம் இருப்பவையும் தப்பிவிடும். இந்தத் தாக்குப்பிடிக்கும் குணத்தாலேயே, கோரலுக்கும் அதனுள் வாழும் பாசிக்கும் உள்ள உறவை ஆராய்கிறவர்கள் கோரலுக்குப் பதிலாக அயிப்டேசியாவை ஆய்வுக்கூடத்தில் வளர்க்கிறார்கள். 2015இல் அதன் முழு மரபணுத் தொகுப்பையும் வெளியிட்டுவிட்டார்கள். ஆய்வுக்கூடத்தில் வரப்பிரசாதம், நம் தொட்டியில் தலைவலி.

மற்ற வழிகளையும் சொல்லிவிடுகிறேன். பெப்பர்மின்ட் இறால் சில தொட்டிகளில் நன்றாகவே சாப்பிடும், சிலவற்றில் மீனுக்குப் போடும் தீனியோடு திருப்தியாகிவிடும். அதே பெயரில் கேமல் இறாலை விற்பவர்களும் உண்டு, அது கோரலையே கொறிக்கும். காப்பர்பேண்ட் பட்டாம்பூச்சி மீன் பெரிய தொட்டிக்கான மீன். வீட்டுத் தீனிக்குப் பழகாமல் பட்டினியில் இறந்துபோவது சகஜம். அதை ஒரு கருவியாக நினைத்து வாங்குவதை நான் ஆதரிக்கமாட்டேன். அயிப்டேசியா தின்னும் ஃபைல்ஃபிஷ் பரவாயில்லை, ஆனால் சதைப்பற்றான கோரல்கள் மேல் அதற்கு எப்போது ஆசை வரும் என்று சொல்ல முடியாது.

பெர்கியாவிடம் இந்தக் குழப்பமே கிடையாது. ஓடில்லாத ஒரு கடல் நத்தை. நன்கு வளர்ந்தால் இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் வரும். அயிப்டேசியாவைத் தவிர வேறு எதையும் தின்னாது. கோரலைத் தொடாது, பாசியைத் தொடாது, மீன் தீனியைச் சீண்டாது. அயிப்டேசியா என்று நினைத்து உங்கள் தொட்டியில் இருப்பது மஜானோ என்ற வேறு வகைக் கடல் சாமந்தி என்றால் அதையும் தொடாது, அதனால் காசு கொடுப்பதற்கு முன் எது இருக்கிறது என்று சரியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ரொம்ப காலம் இது பெர்கியா வெருகிகார்னிஸ் என்ற பெயரில்தான் விற்கப்பட்டது, பழைய கட்டுரைகளிலும் அப்படித்தான் இருக்கும். நம்மிடம் இருப்பது ஃப்ளோரிடா கீஸ் பகுதியிலிருந்து 2005இல் தனி இனமாக விவரிக்கப்பட்ட பெர்கியா ஸ்டெஃபனியே.

இது சாப்பிடுவதை ஒருமுறையாவது பாருங்கள். இரவில்தான் வெளியே வரும். வெள்ளை விளக்கைப் போட்டால் ஒளிந்துகொள்ளும், மங்கலான சிவப்பு டார்ச் போதும். தலையின் இரு நீண்ட உணர்கொம்புகளால் பாறையைத் தடவிக்கொண்டே வரும். கொம்பு அயிப்டேசியாவில் பட்டதும் சட்டென்று பின்வாங்கும். முதுகில் வரிசை வரிசையாக இருக்கும் நீட்சிகள் அத்தனையும் சிலிர்த்து முன்பக்கம் சாயும். பிறகு மெதுவாக வந்து தண்டுப் பகுதியில் வாய் வைக்கும். சாமந்தி உடம்பிலிருந்து வெள்ளை நூல்களை வெளியே தள்ளும், அவை முழுக்கக் கொடுக்குச் செல்கள். பெர்கியா அதையும் சேர்த்தே விழுங்கும். விழுங்கிய கொடுக்குகளில் வெடிக்காதவற்றை அந்த முதுகு நீட்சிகளின் நுனியில் சேமித்துத் தன் பாதுகாப்புக்கு வைத்துக்கொள்ளும். அயிப்டேசியாவின் பழுப்புப் பாசியும் உள்ளே போவதால், வயிறு நிறைந்த பெர்கியாவின் நீட்சிகள் பழுப்பாக இருக்கும். வெளுத்துப்போயிருந்தால் பட்டினி. தினமும் நான் முதலில் பார்ப்பது இந்த நிறத்தைத்தான்.

இனி வளர்ப்பு. இதில் ஆண், பெண் என்று தேட வேண்டியதில்லை, எல்லாமே இருபால் உயிர்கள். இரண்டு சேர்ந்தால் இரண்டுமே முட்டையிடும். அகலமான கண்ணாடிக் கிண்ணங்களில் வைத்திருக்கிறேன். ஃபில்டர் கிடையாது, ஃபில்டர் என்றால் குஞ்சுகள் அதற்குள் போய்விடும். தினமும் தண்ணீரை மாற்றிவிடுவேன். ஹீட்டரைக் கிண்ணத்துக்குள் போட முடியாது என்பதால் கிண்ணங்களை ஒரு பெரிய டப்பில் மிதக்கவிட்டு, டப் தண்ணீரை 25, 26 டிகிரி செல்சியஸில் வைத்திருக்கிறேன். எங்கள் ஊர் குளிருக்கு இது அவசியம், சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர்களுக்குச் சூட்டைக் குறைப்பதுதான் கவலையாக இருக்கும். உப்பின் அளவு, ஒப்படர்த்திக் கணக்கில், 1.025. மாற்றும் தண்ணீரும் அதே உப்பு, அதே சூட்டில் இருக்க வேண்டும்.

முட்டைகள் வெள்ளை நூலாக, கைமுறுக்குச் சுற்றியதுபோல் கண்ணாடிச் சுவரில் ஒட்டியிருக்கும். ஒரு சுற்றில் நூற்றுக்கணக்கான முட்டைகள். மெல்லிய பிளாஸ்டிக் அட்டையால் ஓரத்திலிருந்து தள்ளினால் முழுதாகக் கழன்று வரும், அதைத் தனிக் கிண்ணத்துக்கு மாற்றிவிடுவேன். இந்தச் சூட்டில் 11, 12 நாளில் பொரிக்கும். வீட்டில் வளர்க்க இது ஏன் இவ்வளவு தோதானது என்றால், பெரும்பாலான கடல் நத்தைகளின் குஞ்சுகள் வாரக்கணக்கில் நீரில் மிதந்து நுண்பாசி தின்று வளர வேண்டும். அந்தப் பாசியை வளர்ப்பதே தனி வேலை. பெர்கியாக் குஞ்சுக்கு அது தேவையில்லை. முட்டையின் கருவிலேயே போதுமான சத்து இருக்கிறது. அதை வைத்தே கொஞ்ச நாளில் குட்டி நத்தையாக உருமாறித் தரையில் ஊர ஆரம்பித்துவிடும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். அரை மில்லிமீட்டர்கூட வராத உயிருக்கு என்ன கொடுப்பது? பெரிய அயிப்டேசியாவைப் போட்டால் குஞ்சுதான் அதற்கு இரை. நான் குண்டூசித் தலை அளவு அயிப்டேசியாக்களைத் தேடிப் போடுகிறேன். கிடைக்காதபோது பெரியதை பிளேடால் நறுக்கித் துண்டாகப் போடுவேன். துண்டு அழுகினால் கிண்ணமே கெட்டுவிடும், அதனால் சில மணிநேரத்தில் மிச்சத்தைப் பிப்பெட்டால் உறிஞ்சிவிட வேண்டும். உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமல் இந்த வேலை முடியாது. முதல் சில வாரங்களில்தான் நிறையக் குஞ்சுகள் போகும். அதைத் தாண்டியவை வேகமாக வளரும், நாலைந்து சேர்ந்து ஒரு பெரிய சாமந்தியையே முடித்துவிடும். பொரித்து 2 மாத அளவில் அவையும் முட்டையிட ஆரம்பிக்கும்.

அப்போதுதான் தீனிப் பஞ்சம் தலைதூக்கும். வளரும் பெர்கியாக் கூட்டம் ஒரு வாரத்தில் காலி செய்யும் அயிப்டேசியாவைத் திரும்ப வளர்க்க எவ்வளவோ காலம் ஆகும். எனக்குத் தெரிந்து பெர்கியா வளர்ப்பைக் கைவிட்டவர்கள் எல்லாரும் இந்த இடத்தில்தான் கைவிட்டார்கள். எனவே பெர்கியா வாங்குவதற்கு மாதங்களுக்கு முன்பே அயிப்டேசியா வளர்ப்பைத் தொடங்கிவிடுங்கள். 10 கேலன் தொட்டி ஒன்று, சாதாரண எல்இடி விளக்கு, ஸ்பாஞ்ச் ஃபில்டர், உடைந்த பாறைத் துண்டுகள் போதும். ஆர்ட்டீமியா என்ற குட்டி உப்புநீர் இறாலை வீட்டிலேயே பொரிக்கவைத்துப் பிஞ்சாகப் போட்டால் அயிப்டேசியா மளமளவென்று பெருகும். எனக்கு இப்படி மூன்று தொட்டிகள், தனித்தனி அலமாரியில். பிப்பெட், வலை, இடுக்கி எல்லாம் ஒவ்வொன்றுக்கும் தனி. ஒரே ஒரு முட்டைச் சுருள் தீனித் தொட்டிக்குள் போனாலும் சில மாதங்களில் அந்தத் தொட்டி மொத்தமாகக் காலி.

பெரிய தொட்டியில் எப்படி வேலை செய்தது என்பதுதான் பலருக்கு முக்கியம். முதல் சில வாரங்கள் ஒன்றுமே நடக்காது. விட்ட பெர்கியா கண்ணிலேயே படாது, செத்துவிட்டதோ என்று தோன்றும். பொறுங்கள். முதலில் சிறிய அயிப்டேசியாக்கள் சத்தமில்லாமல் மறையும், முட்டைச் சுருள்கள் பின்கண்ணாடியில் தெரியும். அடுத்த தலைமுறை வளர்ந்த பிறகுதான் பெரியவை குறைய ஆரம்பிக்கும். என் தொட்டி சுத்தமாக அரை வருடத்துக்கு மேல் பிடித்தது. பெர்கியாக்களை அங்கங்கே சிதறலாக விடாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே பாறையில், அயிப்டேசியா அடர்த்தியாக இருக்கும் இடத்தில், விளக்கு அணைந்த பிறகு பிப்பெட்டால் மெதுவாக இறக்குங்கள். ஒன்றையொன்று சந்தித்தால்தான் பெருகும். பவர்ஹெட்டின் (தண்ணீரைச் சுழற்றும் பம்ப்) வாயைக் கொஞ்ச நாளைக்கு ஸ்பாஞ்சால் மூடிவையுங்கள். சம்ப்பையும் (கீழே இருக்கும் துணைத் தொட்டி) அதற்குத் தண்ணீர் வழியும் ஓவர்ஃப்ளோ பெட்டியையும் மறக்காதீர்கள், அங்கே இருக்கும் அயிப்டேசியாதான் திரும்பவும் தொட்டிக்குள் வரும்.

யாருக்கு இது சரிப்படாது என்பதும் தெளிவு. சிக்ஸ்லைன், மெலனூரஸ் மாதிரி ராஸ் மீன்கள், பெப்பர்மின்ட் இறால், கோரல் பேண்டட் இறால், ஆரோ நண்டு இருக்கும் தொட்டியில் விட்டால் பெர்கியா தீனியாகிவிடும். எப்போதாவது செம்பு மருந்து போட்ட தொட்டியில் விடவே கூடாது. கடையில் ஒன்று 20 டாலர் பக்கம் விற்கிறது, கூரியர் செலவு தனி. அந்த விலையில் ராஸுக்கு இரை போட யாருக்கும் கட்டாது.

அயிப்டேசியா தீர்ந்ததும் பெர்கியா பட்டினியாகிவிடும், மாற்றுத் தீனி என்று எதுவும் இல்லை. இந்த உயிரை வளர்ப்பதில் எனக்கு மனம் கனக்கும் இடம் இதுதான். நம் வேலை முடிந்தது என்று சாகவிடுவது சரியில்லை. குறைய ஆரம்பிக்கும்போதே இரவில் பிடித்துக் கிண்ணத்துக்கு மாற்றிவிடுகிறேன், பக்கத்து ஊர்களில் அயிப்டேசியாவோடு போராடுகிறவர்களுக்குக் கொடுத்துவிடுகிறேன். பதிலுக்குக் காசைவிட நான் விரும்பிக் கேட்பது அவர்கள் தொட்டியின் அயிப்டேசியா பிடித்த பாறைத் துண்டு. கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் தயவுசெய்து மிச்சமானதைக் கடலில் விடாதீர்கள். வங்காள விரிகுடாவுக்கு இது அந்நிய உயிர். கிண்ணத்துத் தண்ணீரையும் பிளீச் கலந்து வைத்துவிட்டுத்தான் சாக்கடையில் ஊற்ற வேண்டும்.

புதுக் கோரல் வாங்கும்போது அடியில் இருக்கும் ஃபிராக் பிளக்கை (கோரலை ஒட்டி விற்கும் சிறு அடித்துண்டு) முடிந்தவரை கழற்றி எறிந்துவிட்டு, கோரலை மட்டும் புதுத் துண்டில் ஒட்டுங்கள். கோரலை முக்கி எடுக்கும் கோரல் டிப் கரைசல்கள் புழு, பூச்சிக்குத்தான். அதில் முக்கி எடுத்த அயிப்டேசியா பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.